சணல் போட்டுக் கட்டிய பெட்டி

துறைமுகத்தின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அற்புதம் இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுப் பார்த்தாள். கார்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. பெட்டிகள், பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்த குழந்தைகள், குழந்தைகளை அதட்டும் அம்மாக்கள், எந்த வரிசை எதற்கென்று தெரியாமலே வரிசையில் நின்ற ஆம்பிளைகள். இத்தனைக்கும் நடுவில் விசில் ஊதிக்கொண்டு ஒரு போலீஸ்காரர். கப்பல் புறப்படுகிற நாள். புதிதாக வருகிறவர்கள் மிரளத்தான் செய்வார்கள். அற்புதத்துக்கோ சிரிப்பு வந்தது.

"இவ்வளவுதானுங்களா? இதுக்கா உங்க மக போன்ல அந்தப் பயமுறுத்து பயமுறுத்துனா? நம்ம ஆஸ்டல் லீவு உடற அன்னிக்கு வர்ற கூட்டத்துல இது பாதி இல்லீங்க."

'உங்க மக' என்று யாராவது சொல்லிவிட்டால் அவள் புருஷன் செபாஸ்டினுக்குச் சட்டென்று காது கேட்காமல் போய்விடும். இப்போதும் போயிருந்தது. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சென்னை வெயில் தனக்கென்றே யாரோ செய்த அநியாயம் என்பது போல முகத்தைச் சுளித்தபடி நின்றார்.

அற்புதம் சொன்னது வெறும் ஜம்பம் அல்ல. ஏற்காட்டில் ஒரு கான்வென்ட் பள்ளி விடுதிக்கு வார்டனாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். கோடை விடுமுறைக்குப் பள்ளியை மூடும் நாளில் விடுதி வாசலில் நிற்கக் கால் வைக்க இடம் இருக்காது. அழுகிற பிள்ளைகள், ஆள் மாறிப்போன டிரங்குப் பெட்டிகள், 'எம் பொண்ணு எங்க' என்று கேட்டபடி நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிடும் அப்பாக்கள். அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக நின்று கட்டி மேய்த்தவள் அவள். கூட்டத்தைப் பார்த்தால்தான் பயம் வரும். அந்தக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடுகிறதோ அவரை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் வழி தானாகத் திறக்கும் என்பது அவள் கண்ட அனுபவம்.

நேரே போலீஸ்காரரிடம் போனாள். "சாமி, கப்பலுக்குப் போறவங்க எந்தப் பக்கம் போகோணும்?"

விசிலை வாயிலிருந்து எடுத்து அவர் கைகாட்டினார். வாசலில் டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் பார்த்தார்கள். ஆதார் அவள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் இருந்தது. எடுத்தாள், காட்டினாள், செருகினாள். உள்ளே போகிற துறைமுக பஸ்ஸில் ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, செபாஸ்டினையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டாள். இதுவரைக்கும் எல்லாம் தண்ணிபட்ட பாடு.

ஆனால் அவள் உல்லாசப் பயணத்துக்கு வரவில்லை. இந்தக் கப்பலை அவள் பிடித்தே ஆக வேண்டும். காரணம் பக்கத்து சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்த இந்த மனுஷன்தான்.

ஷீனா இவர்களுக்கு ஒரே மகள். சேலத்தில் கேட்டரிங் படித்தாள். படிப்பு எதுவானாலும், பிள்ளை அடுத்துப் பாங்குப் பரீட்சை எழுதிச் சேலத்திலேயே நாற்காலியில் உட்காரும் என்று செபாஸ்டின் கணக்குப் போட்டிருந்தார். அவளோ கப்பல் சமையலறையில் ரொட்டி சுடும் வேலைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். செபாஸ்டின் ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை. "கடலுக்குப் போறதுன்னா போகட்டும். எங்கிட்டப் பேச வேண்டாம்" என்றார். அத்தோடு சரி. மகள் கிளம்பின அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு ஷீனா எப்போது போன் செய்தாலும் இதே கூத்துத்தான். அற்புதம் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, வேலை செய்துகொண்டே பேசுவாள். மகளின் குரல் கேட்டதுமே செபாஸ்டின் எழுந்துவிடுவார். பின்பக்கம் சவுக்கு மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகிட்டப் போய் நின்றுகொண்டு, இலை இலையாகப் புரட்டிப் பூச்சி பார்ப்பார். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பார். போனை வைத்த பிறகுதான் உள்ளே வருவார். அந்தக் கொடியை வேரோடு வெட்டிப் போட்டால்தான் இந்த வீட்டுக்கு விடியும் என்று அற்புதத்துக்குப் பல நாள் ஆத்திரம் வந்திருக்கிறது.

ஒரு நாள் அந்த ஆத்திரத்திலேயே அவளுக்கு யோசனை பிறந்தது. கப்பலில் மிளகுக் கொடி ஏது? நடுக்கடலில் எழுந்து எங்கே போய் நிற்பார்? மகளையும் அப்பனையும் ஒரே கப்பலில் ஏற்றிவிட்டால் பேசித்தானே ஆக வேண்டும்!

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் பயணம். இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசி. அடுத்து கப்பல் வேறு கடலுக்குப் போகிறது. ஷீனா ஊர் திரும்பும்போது அடுத்த கிறிஸ்துமஸும் தாண்டியிருக்கும். அதுவரைக்கும் விட்டால் இந்த மனுஷன் மனசு இறுகிப் பாறையாகிவிடும், அப்புறம் யார் வந்தாலும் அசைக்க முடியாது என்று அற்புதம் பயந்தாள். ஊரில் எதற்கும் பயப்படாதவள் அதற்கு மட்டும் பயந்தாள்.

"டிக்கெட் போட்டாச்சுங்க. வந்தா வாங்க. இல்லீன்னா நான் வர்ற வரைக்கும் நீங்களே ஆக்கித் தின்னுக்குங்க" என்று அவரிடம் சொன்னாள். வந்துவிட்டார். சோற்றுக்குப் பயந்து வந்தாரா, வேறு எதற்காகவா என்று அவளும் கேட்கவில்லை. கேட்டு, மனசு மாறிவிட்டால் என்ன செய்வது?

பஸ் ஒரு நீளமான கட்டடத்தின் முன்னால் போய் நின்றது. கட்டடத்துக்குப் பின்னால் கப்பல். அற்புதம் அண்ணாந்து பார்த்தாள். நம் சேர்வராயன் மலையையே வெள்ளையடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது போல இருந்தது.

"ஏனுங்க, இது முழுகாதுங்களா?"

செபாஸ்டின் கப்பலை மேலிருந்து கீழ்வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். எதையோ தேடுவது போல இருந்தது. தேடியது கிடைக்கவில்லை போல, தலையைக் குனிந்துகொண்டார்.

கட்டடத்து வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு போர்ட்டர் ஓடி வந்தார். சட்டையில் டில்லி என்று பெயர் குத்தியிருந்தது. பெட்டியில் அறை எண் எழுதிய அட்டையை மாட்டிவிட்டு, அதைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா யக்கா இது? பொட்டிய மூட்ட மாதிரி கட்டி வெச்சுக்கிற?"

"கொரங்குக்குங்க தம்பி."

"கொரங்கா? கப்பல்லயா?" டில்லி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடும்பமே திரும்பிப் பார்த்தது.

சிரிக்கிறவர் சிரிக்கட்டும். கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் வழியாக மலையிறங்கும் பஸ்ஸில் ஒரு நாள் வந்து பார்த்தால் தெரியும். வளைவுக்கு வளைவு குரங்கு. மனுஷர் கையில் தொங்குகிற எந்தப் பையிலும் பழம் இருக்கும் என்பது அவற்றின் தீர்மானம். ஜிப் திறக்கவும் கற்றுக்கொண்டுவிட்டன. பக்கத்து வீட்டு முத்தாயியின் கைப்பையை ஒரு குரங்கு பஸ் ஜன்னல் வழியாகப் பறித்து, உள்ளே பழம் இல்லாத கோபத்தில் அவளுடைய நிலப் பட்டாவைக் கிழித்துப் பள்ளத்தில் போட்டது இன்றைக்கும் ஊர்ப் பேச்சு. அதிலிருந்து கொட்டச்சேட்டுப் பெண்கள் கைப்பையில் கைக்குட்டையும் பிஸ்கட்டும் தவிர எதையும் வைப்பதில்லை. முக்கியமானது எதுவானாலும் பெரிய பெட்டியின் அடியில், சேலைகளுக்கும் கீழே. அப்புறம் பெட்டியைச் சுற்றிக் காப்பி மூட்டைக்குக் கட்டுகிற சணலைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பெட்டியை அடுக்குவது அற்புதம். சணல் கட்டுவது செபாஸ்டின். ரைட்டர் போடும் முடிச்சைக் குரங்கு என்ன, மனுஷரே அவிழ்க்க முடியாது என்று எஸ்டேட்டில் பேர்.

ஷீனா போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெரிய பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும், அது நேராக அறைக்கு வந்துவிடும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கத்தி எதுவும் கொண்டு வரக் கூடாது. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். "செரி செரி, ஆயிரம் புள்ளைங்கள ஊருக்கு அனுப்புன எனக்கே சொல்லித் தர்றியாக்கும்" என்று அற்புதம் முடித்துவிட்டாள். கடலுக்குப் போனதும் பிள்ளை குரங்கையே மறந்துவிட்டது, பாவம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

டில்லி பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அற்புதம் கைப்பையை ஆட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் நுழைந்தாள். உள்ளே ஏசி குளுகுளுவென்று இருந்தது. செபாஸ்டின் ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி போட்டுக்கொண்டார். வரிசை பாம்பாக வளைந்து வளைந்து போனது. முன்னால் நின்ற ஒரு குடும்பத்துக்கு எந்தக் கவுண்டர் என்று தெரியவில்லை. அவர்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, 'நீங்க அந்தப் பக்கமுங்க' என்று அற்புதமே அனுப்பி வைத்தாள். அழுத குழந்தை ஒன்றுக்குப் பிஸ்கட் கொடுத்தாள். கவுண்டருக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஹாலே பாதி அவள் பொறுப்பில் இருந்தது.

கவுண்டரில் நீலக் கோட்டுப் போட்ட பெண் சிரித்தாள். "பாஸ்போர்ட் குடுங்க ஆன்ட்டி."

"அது பெரிய பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குதுங்க கண்ணு."

"எந்தப் பெட்டி?"

"வெளிய வாங்கிக்கிட்டீங்களே, அதுதான்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "ஆன்ட்டி, அது கப்பலுக்குப் போயிடுமே. இனிமே உங்க ரூம் வாசல்லதான் பாக்க முடியும்."

"அதனாலென்ன அம்மணி? ரூமுக்குப் போயி எடுத்தாந்து காமிக்கிறேன்."

"ரூமுக்குப் போகறதுக்குத்தான் ஆன்ட்டி பாஸ்போர்ட் வேணும்."

அற்புதம் சுற்றிப் பார்த்தாள். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், வரிசையில் நின்ற அத்தனை பேர் கையிலும் பாஸ்போர்ட். இந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரு குரங்குகூட இல்லை. அட கர்த்தரே!

அந்தப் பெண் நல்லவள். கடிந்து பேசவில்லை. "கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு ஆன்ட்டி. அதுக்குள்ள பெட்டி கிடைச்சா நேரா என்கிட்ட வாங்க, வரிசை வேண்டாம். ஆனா ஆயிரக்கணக்குல பெட்டி ஏறிட்டிருக்கு. சொல்ல முடியாது" என்றாள்.

பெட்டி போனால் போகட்டும், பட்டுச் சேலை போனால் போகட்டும். இப்போது இவர் என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் அற்புதத்தின் கவலை. 'செரி, அப்ப ஊட்டுக்குப் போலாம் வா' என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைக்காது. சொல்லிவிட்டு சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடித்துவிடுவார். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டி வந்து, கடைசியில் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏனுங்க," என்றாள். "நான் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

செபாஸ்டின் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த தள்ளுவண்டிகளின் மேல் இருந்தது.

"பெட்டிய எந்தப் பக்கமாக் கொண்டுபோனாங்க?" என்றார்.

சேலத்தில் ரயிலேறியதற்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அற்புதம் கைகாட்டி முடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். நடை என்றால் சாதாரண நடை இல்லை; சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவில் இறங்கிப் பழகிய கால். அற்புதம் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று, ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றல்லவா இருப்பார்? யோசிக்க நேரமில்லை. நடுவில் வந்த காவலாளியிடம், "பெட்டிய உட்டுட்டமுங்க, கவுண்டர்ல அந்தப் புள்ள போயிட்டு வரச் சொல்லுச்சுங்க" என்று நின்ற இடத்தில் நிற்காமலே சொல்லிவிட்டுக் கடந்தாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வாசலில் டில்லி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எம்பட பெட்டி! சணல் போட்டுக் கட்டுனது!"

"கொரங்குப் பொட்டியா?" டில்லி டீக் கப்பை வைத்தார். "அத்த எப்டி யக்கா மறக்க முடியும்? மிசின்ல உட்டப்போ உள்ள ஏதோ கீதுன்னு சொல்லி ஓரங்கட்டிட்டாங்க. கப்பலுக்குப் போவல. வா, காட்றேன்."

கப்பலுக்குப் போகவில்லை என்ற சொல்லில் அற்புதத்துக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி சந்தேகத்தில் நின்றது. "உள்ள என்னங்க இருக்கும்? துணிமணிதான?" என்று செபாஸ்டினைக் கேட்டாள். செபாஸ்டின் மேலே கூரையைப் பார்த்தார்.

சோதனை அறையில் ஒரு நீள மேசை. அதன் மேல் ஊர்ப்பட்ட இஸ்திரிப் பெட்டிகள், கரண்ட் கெண்டிகள், யாரோ ஒருவருடைய தோசைக்கல். மேசைக்குப் பின்னால் களைத்துப் போன ஒரு அதிகாரி. அவர் காலடியில் சணல் கட்டிய பெட்டி. அற்புதத்துக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இது உங்க பெட்டியா? உள்ளே ஹீட்டர் கம்பி இருக்கு" என்றார் அதிகாரி. திரையைத் திருப்பிக் காட்டினார். சுருண்ட கம்பி ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

"பெட்டி எங்களுதுதானுங்க சார். ஆனாக் கம்பி எங்களுது இல்லீங்க. நான் அடுக்குன பெட்டி இது, எந்த மூலைல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க மிசின்லதான் ஏதோ கோளாறு."

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்றனுங்களா?"

"நம்மளுதுதான்" என்றார் செபாஸ்டின்.

அற்புதம் திரும்பினாள்.

"கம்பியும் நம்மளுதுதான். கட்டும்போது நான் வெச்சேன்."

அதிகாரி கத்தரிக்கோலை நீட்டினார். செபாஸ்டின் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுக் குனிந்து, முடிச்சில் எங்கேயோ ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். சணல் மொத்தமும் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. பெட்டியைத் திறந்தார். மேலாக அவருடைய பழைய பனியன் ஒன்று. அதற்குள் சுற்றியிருந்தது தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் கம்பி. அதற்குப் பக்கத்தில் பித்தளைக் காப்பி பில்டர். வாய் கட்டிய ஒரு பொட்டலம். அதை எடுத்ததுமே அறை முழுக்கக் காப்பிப் பொடி வாசம் ஏறியது. தங்கள் வீட்டுக் கொல்லையில் பறித்து, அவரே இரும்புச் சட்டியில் வறுத்த கொட்டை. கடைசியாக, பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று.

அற்புதத்துக்கு வந்ததே கோபம்! "ஈட்டரு கூடாதுன்னு புள்ள தலபாடா அடிச்சுக்கிச்சே, நான் சொன்னனா இல்லீங்களா? ஒரு நாலு நாளைக்குக் கப்பல் காப்பி உங்க தொண்டைல எறங்காதாக்கும்?"

"எனக்கில்ல" என்றார் செபாஸ்டின்.

பேப்பரைப் பிரித்தார். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: ஷீனா. சிறு வயதில் அவள் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளில் சேலத்துப் பாத்திரக் கடையில் அவரே நின்று வெட்டி வாங்கிக் கொடுத்தது. பிள்ளை வீட்டில் இருந்தவரைக்கும் அதில்தான் காப்பி குடிப்பாள். வேறு டம்ளரில் கொடுத்தால் முகம் கோணும். அவள் போன பிறகு அலமாரியின் மேல்தட்டில் ஏறிய டம்ளர் எப்போது இறங்கியது என்று அற்புதத்துக்குத் தெரியாது.

செபாஸ்டின் மனைவியிடம் சொல்லவில்லை, அதிகாரியிடம்தான் சொன்னார். "எம் புள்ள இந்தக் கப்பல்ல வேல செய்யுதுங்க. காப்பி கழனித்தண்ணி மாதிரி இருக்குதாம். கப்பலுக்குப் போன நாள்ல இருந்து நல்ல காப்பி ஒரு வாய் குடிக்கலியாம். ஒரு நாளு போன்ல சொல்லி அழுதுச்சுங்க."

அற்புதம் அவரையே பார்த்தாள். ஷீனா அழுதது உண்மைதான். ஆனால் அதை அற்புதம் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நல்ல மழை. ஜன்னலில் போன். ஜன்னலுக்கு வெளியே...

மிளகுக் கொடி. அந்தச் சமையல்கட்டு ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில்தானே அந்தக் கொடி நிற்கிறது! கொல்லையில் எத்தனையோ கொடி இருக்க, இந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்றில் மட்டும்தானே பூச்சி பார்த்தார். குடை பிடித்துக்கொண்டு பார்த்தாரே. மகள் பேச்சு ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதவர் போல உள்ளே வந்து துண்டால் தலையைத் துவட்டியிருக்கிறார். அற்புதத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது.

"கல்லுளிமங்கன்" என்றாள். "ஒரு வார்த்த சொன்னா வாய்ல இருக்கற முத்தா கொட்டிப் போயிரும்?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "காப்பி, டம்ளர் எல்லாம் கொண்டு போங்க. கம்பி மட்டும் இங்க இருக்கட்டும், திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்."

"யக்கா," டில்லி வாசலில் சாய்ந்தபடி சொன்னார், "ஒண்ணு சொல்றன் கேளு. அந்தக் கம்பி மட்டும் இல்லன்னு வெய்யி, இந்நேரம் உன் பொட்டி கப்பலுக்குள்ள, நீ வெளிய."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அற்புதத்துக்கு உறைத்துவிட்டது. வார்டனாக இருந்து அவள் போட்ட திட்டம் எல்லாம் குரங்குக்குப் பயந்து கவிழப் பார்த்தது. கூடாது என்று அவள் சொன்னதை மீறி இந்த மனுஷன் செய்த திருட்டு வேலை காப்பாற்றிவிட்டது. அதை அவரிடம் இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒன்றும் அவசரமில்லை. பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டு, பட்டுச் சேலைக்குக் கீழிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் உருவினாள்.

"பெட்டிய நீங்களே அனுப்பிருங்க தம்பி. சணல் வேண்டாம். ஏனுங்க, நடங்க!"

நடந்தார்கள், இல்லை, ஓடினார்கள். அற்புதம் பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். மலையில் இப்படிப் பிடித்தால் என்ன ஆகும் என்ற நினைப்பே வரவில்லை. காவலாளி தானாக ஒதுங்கினார். குடியேற்றச் சோதனைக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவளை ஏற்கெனவே அறிந்தவர்கள். பிஸ்கட் வாங்கிய குழந்தையின் அம்மா, "பாட்டிம்மாவுக்கு வழி விடுங்க, கிடைச்சிருச்சு போல" என்று சத்தம் போட்டாள். பாட்டிம்மா என்றது மட்டும்தான் அற்புதத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. கவுண்டர்ப் பெண் விளக்கை அணைக்கப் போன கையை எடுத்துவிட்டு, "வாங்க ஆன்ட்டி!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். அட்டை கொடுத்தார்கள். குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தினார். ஒரு கதவு, இன்னொரு கதவு, அப்புறம் கப்பலுக்குப் போகும் சரிவுப் பாலம்.

பாலத்தில் ஏறும்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். செபாஸ்டின் மறுபடி ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தார். பில்டர், பொட்டலம், டம்ளர் மூன்றையும் அதில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எத்தனையோ காப்பி மூட்டையை ஏற்றி இறக்கிய மனுஷன், இந்த ஒரு சிறு மூட்டையைக் கொண்டுவர இவ்வளவு பயந்து பயந்து நடந்தார்.

பாலம் முடிகிற இடத்தில், கப்பலின் வாசலுக்கு உள்ளே, வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக ஷீனா நின்றுகொண்டிருந்தாள். வேலை நடுவில் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள் போல. ஒரு கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்து முகம் மலர்ந்தவள், பின்னால் வருகிறவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

இந்த இடத்துக்கு என்று அற்புதம் பல நாளாகப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தாள். அப்பனிடம் என்ன சொல்வது, மகளிடம் என்ன சொல்வது, இரண்டு பேரையும் எப்படி ஒரு மேசையில் உட்கார வைப்பது, எல்லாம் மனப்பாடம். ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். செபாஸ்டின் அவளைத் தாண்டிக்கொண்டு போனார். மகளின் முன்னால் போய் நின்றார். ஸ்வெட்டரைப் பிரித்து டம்ளரை வெளியே எடுத்தார். ஹீட்டர் கம்பியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்களே என்ற கவலை முகத்தில் அப்படியே இருந்தது.

"கண்ணு," என்றார். "உங்க சமையக்கட்டுல சுடுதண்ணி கெடைக்குமா?"

ஷீனா டம்ளரைப் பார்த்தாள். வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினாள். "கெடைக்குமுங்கப்பா" என்றாள். "நொம்பக் கெடைக்கும்." அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். மாவு முழுக்க அவர் சட்டையில் ஒட்டியது. அவர் அவள் தொப்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பொடி கொஞ்சந்தான் கொண்டாந்தேன், கொஞ்சந்தான் கொண்டாந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பின்னால் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் அற்புதத்துக்கு ஆகாது. இருந்தாலும் இன்றைக்கு அவள் திரும்பி, "கொஞ்சம் சுத்திப் போயிக்குங்க சாமி" என்று வந்தவர்களை ஓரமாக அனுப்பி வைத்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு டம்ளருக்குப் போடுங்க" என்றாள்.

நடுக்கடல் வரைக்கும் போக வேண்டியிருக்கவே இல்லை. கப்பல் இன்னும் கரையில்தான் கட்டியிருந்தது.